காற்றைக் கூலிக்கு வைத்த ஷெட்

மாயாபுரியை விட்டு நாராயணா பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது ஆந்தி கிளம்பிவிட்டது. மே மாதத்து டெல்லியில், பட்டப்பகலில் வானம் பழுப்பாகி அடிக்கும் மண்காற்று அது. தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும். ஃபைபர்கிளாஸ் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையை அன்று காலையில்தான் விட்டிருந்தேன். சண்டை எதுவும் இல்லை. நான் படுத்துக்கொண்டிருந்த பரணில் சேட் சரக்கு ஏற்றிவிட்டார். கண்ணாடி இழை குத்திக் குத்திக் கை இரண்டும் தடித்திருந்தன. கிளம்பிவிட்டேன். ஒன்பதாவதை முடிக்காமல் பல்லடத்திலிருந்து புறப்பட்டவன் நான். பட்டறைகளை விடுவது எனக்குப் புதிதில்லை. ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால் தமிழ் ஆட்கள் இருப்பார்கள், வேலை விசாரிக்கலாம் என்று எண்ணம்.

கண்ணில் மண் அடிக்கவே, பாதி இறக்கியிருந்த ஒரு ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன்.

1. பை

உள்ளே கூலர் இரைந்துகொண்டிருந்தது. மேஜை மேல் நாற்காலி இருக்கையின் வடிவத்தில் ஓர் அச்சு. அதை முழுக்க மூடி ஒரு பிளாஸ்டிக் பை. பையிலிருந்து ஒரு குழாய் பம்புக்குப் போனது. ஒரு பெண் பையின் ஓரத்தை விரலால் அழுத்தியபடி மேஜையைச் சுற்றி வந்தார். பக்கத்தில், இரும்புச் சக்கர நாற்காலியில் ஒரு மீசைக்காரர்.

“பையா, ஷட்டர் பந்த் கரோ! ஜல்தி!” என்றார் அந்தப் பெண்.

இழுத்து மூடியதில் விரல் நசுங்கியது. “ஐயோ!” என்றேன்.

“அரே, தமிழா? எந்த ஊரு?”

“பொறந்தது பல்லடமுங்க. இப்போதைக்கு எந்த ஊரும் இல்லீங்க.”

“அச்சா. கை சும்மாதானே இருக்கு? அந்தப் பக்கம் அமுக்குங்க.”

அவர் பெயர் ஜெயந்தி. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், இன்ஜினியரிங் படித்தவர். ஷெட் அவருடையது. உதவியாள் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தான். மீசைக்காரர் ஹரியானாக்காரர் சத்பீர். ராணுவத்தில் இரண்டு கால்களையும் இழந்தவர், சக்கர நாற்காலிப் பந்தயம் ஓடுகிறவர். பைக்குள் இருந்தது அவருக்கான கார்பன் ஃபைபர் இருக்கை. அவரையே ஈரப் பிளாஸ்டரில் உட்கார வைத்து அச்சு எடுத்திருந்தார்கள். அதற்கான கார்பன் இழைத் துணி, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. இருந்த துணி முழுவதும் இந்த ஓர் இருக்கைக்கே தீர்ந்துவிட்டது. இது கெட்டால் இந்த வருஷம் அவருக்குப் பந்தயம் இல்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. தொட்டிப் பட்டறையில் ரெசின் பசையை வாளியால் ஊற்றுவோம். “ரெசின் நெறைய இருந்தாத்தானுங்களே பலம்? நீங்க எதுக்குங்க உறிஞ்சி எடுக்கறீங்க?”

“பலம் துணியில இருக்கு. ரெசின் ஒட்டறதுக்கு மட்டும்தான். ஜாஸ்தியானா வெறும் வெயிட். அப்பறம், பம்ப் உறிஞ்சறது பைக்குள்ள இருக்கற காத்த. வெளியில இருக்கு பாருங்க காத்து, அதுதான் வேலை செய்யறது. பைய அமுக்கி ரெசினப் பிழிஞ்சு விட்டுடும். மேல போட்டிருக்கற பஞ்சுத் துணி அதக் குடிச்சுக்கும்.”

என்ன பேச்சு என்று சத்பீர் கேட்டார். ஜெயந்தி ஹிந்தியில் சொன்னதும் சிரித்தார். அவர் பேசியதெல்லாம் ஹிந்தி, இங்கே என் தமிழில் தருகிறேன். “மேடம்ஜி காத்தையே கூலிக்கு வச்சிருக்காங்க, மதராஸி! சம்பளமும் கிடையாது, டீயும் கிடையாது!”

அன்றைக்கு அந்தக் கூலி வேலை செய்யவில்லை. குழாயின் வால்வை மூடினால், வெற்றிடத்தைக் காட்டும் கேஜ் முள் நிற்காமல் இறங்கியது. எங்கோ லீக். அச்சைச் சுற்றி ஓடும், சூயிங்கம் போல இழுபடும் டேப்பில்தான் பையின் ஓரம் ஒட்டியிருந்தது. வளைந்த அச்சில் பை படியாது என்பதால் அங்கங்கே மடித்து நிமிர்த்தி வைப்பார்கள். அந்த மடிப்புக்குக் காது என்று பெயர். லீக் இருந்தால் சீறும், ஆனால் கூலர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கூலரை நிறுத்தினால் ஷெட் கொதிக்கும், ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். கப்பில் மிச்சம் வைத்திருந்த ரெசினை ஜெயந்தி குச்சியால் கிளறினார். கெட்டியாகி நூல் இழுக்க ஆரம்பித்திருந்தது.

2. கரண்ட்

அப்போது கரண்ட் போனது. கூலர், பம்ப், தெருவே அடங்கிவிட்டது.

“ஜெனரேட்டரப் போடு! பை ஊதிடப் போகுது!” என்று சத்பீர் கத்தினார். மூலையில் சின்ன ஜெனரேட்டர் இருந்தது. ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

ஜெயந்தி வால்வைத் திருகி மூடினார். “இழுக்காதீங்க! ஃபௌஜி சாப், நீங்களும் சுப், சத்தம் போடாதீங்க! இப்பத்தான் கேக்கும்.”

முள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. கயிறு என் கையில் இருந்தது. ஜெயந்தி ஒவ்வொரு காதாகக் குனிந்து பார்த்தார். சத்பீரின் தலை மேஜை உயரத்திலேயே இருந்ததால் அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. சக்கரத்தை மெல்ல உருட்டினார், நின்றார், கொஞ்சம் பின்னால் வந்தார்.

“இங்க. பாம்பு இந்தக் காதுல இருக்கு.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து ஷெட் ஜெனரேட்டர் உறுமியது. பிறகு தெருவெல்லாம் அதே சத்தம். ஆனால் அவர் விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

ஜெயந்தி அந்த மடிப்பைப் பிரித்தார். டேப்பின் மேல் மண். ஆந்தி ஷட்டருக்கு அடியில் ஊதிவிட்ட மண். அதைக் கிள்ளி எறிந்து, புது டேப் வைத்து அழுத்தினார். “இப்ப இழுங்க!”

முதல் இழுப்பில் ஜெனரேட்டர் இருமியது, அடுத்ததில் பிடித்துக்கொண்டது. பம்ப் ஓடியது. மறுபடி வால்வை மூடிப் பார்த்தோம். முள் நின்றது. கப்பில் இருந்த ரெசினோ இறுகிவிட்டது, அதில் குச்சி நட்டது போல நின்றுகொண்டிருந்தது.

“நேரத்துல பிடிச்சோமாங்க?”

“கப்புல குவியலா இருக்கறது சீக்கிரம் இறுகிடும். துணியில கொஞ்சம் டைம் இருக்கும். இருந்துதா இல்லையான்னு நாளைக்குத் திறந்தாத்தான் தெரியும்.”

“பாத்துட்டுப் போ, மதராஸி” என்றார் சத்பீர். “கயிறு இழுத்தவன் நீதானே!”

அதுவரை எந்தப் பட்டறையை விட்டபோதும், நான் போன பிறகு அங்கே என்ன ஆனது என்று யோசித்ததில்லை. அன்று யோசித்தேன். மலை மந்திர் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பில் படுத்துவிட்டு விடிந்ததும் திரும்பி வந்தேன்.

3. திறந்தபோது

ஜெயந்தி பையைக் கிழித்தார். குடித்த ரெசினோடு பஞ்சுத் துணி விறைத்திருந்தது. ஆப்பு தட்டியதும் இருக்கை அச்சை விட்டு எழும்பியது. கறுப்பு, பாய் முடைந்தது போல நெசவு. அவர் ஒரு நாணயத்தால் இடம் இடமாகத் தட்டினார். எங்கும் ஒரே கணீர். லீக் இருந்த ஓரத்தில் மட்டும் மொத்தென்று கேட்டது. அங்கே ரெசின் சரியாக ஒட்டவில்லை, ஆனால் அது எப்படியும் வெட்டி எறியும் ஓரம்.

சத்பீர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “என் காலு ரெண்டும் இதவிட வெயிட்டா இருந்துச்சு” என்றார். அதில் ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் உடம்பைச் சாய்த்துப் பார்த்தார்.

“கல்யாணத்துக்குப் போன பையன் திரும்பி வரல்லையாம், ஊர்லயே கடை வைக்கறானாம்” என்றார் ஜெயந்தி. “நீங்க இருக்கீங்களா?”

கறுப்புத் துணியை வெட்டக் கொடுப்பார் என்று நினைத்தேன். ஒரு பக்கெட்டை நீட்டினார்.

“மொதல்ல வாசலுக்கும் தரைக்கும் தண்ணி தெளிங்க. மண்ணு படிஞ்சதுக்கு அப்பறம்தான் டேப்பைத் தொடணும். இனிமே தினம் இதுதான் முதல் வேலை. எங்கம்மா வாசல் தெளிக்கச் சொன்னா ஓடிப் போயிடுவேன், இப்ப பாருங்க!”

இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தத் துணி, எந்த ரெசின் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் தரையைப் பாருங்கள் என்கிறேன். காற்று தன் வேலையைத் தானே செய்துகொள்ளும், அதைக் கெடுக்கும் மண்ணைப் பார்ப்பதுதான் நம் வேலை.

“காத்துக்குத்தான் டீ கிடையாது, உனக்கு உண்டு” என்றார் அன்று சத்பீர்.

தோள்பையை ஆணியில் மாட்டிவிட்டு, பக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.