லியோனார்ட் திருத்திய இந்தோனேசியா

ஈப்போவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த லியோனார்டுக்கு மலாய் மொழி நான்காவது பிள்ளை மாதிரி. மற்ற மூன்று பிள்ளைகளைப் பற்றி அவர் அவ்வளவாகப் பேசியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் அரசாங்க மலாய்ப் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினார். அதற்குப் பிறகு மலாய்க்காரர்களையே திருத்த ஆரம்பித்துவிட்டார். சந்தை மீன்காரர் 'இல்லை' என்பதற்கு 'தாக்' என்று சுருக்கிச் சொன்னால், "தீடாக் என்று முழுசாகச் சொல்லுங்கள்" என்பார். மீன்காரரும் முழுசாகவே சொல்வார். ஆனால் எடை போடும்போது அவருக்கென்று ஒரு பழைய மீனைத் தேடி எடுப்பார்.

மனைவி ஆலிஸ் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகும் வரை பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். அவளுடைய மலாய் கடைத்தெரு மலாய். வீட்டுக்கு அதிகாரிகள் வந்தால் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும் என்பது லியோனார்டின் ஏற்பாடு.

ஆலிஸின் அக்கா ரோசரி ஐம்பத்தெட்டில் மேடான் நகரத்து லோரி டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு சுமத்ராவுக்குப் போனாள். அறுபத்துமூன்றில் சுமத்ரா இருந்த இந்தோனேசியாவும் இவர்கள் நாடும் முறைத்துக்கொண்டபோது தபால் நின்றது. மறுபடி தபால் ஓடத் தொடங்கியபோது அக்காவும் வீடு மாறியிருந்தாள், தங்கையும் மாறியிருந்தாள். எண்பத்திரண்டில் கோயில் பாதிரியார் மூலமாக ஒரு கடிதம் வந்தது. சியாந்தார் என்ற ஊருக்கும் அப்பால் ஒரு தோட்டத்தில் ரோசரி இருந்தாள். புருஷன் செத்துப்போயிருந்தார். 'எனக்குக் கால் முடியலை. நீ வா' என்று எழுதியிருந்தாள்.

போவதென்று முடிவானதும், பள்ளி ஆசிரியை கெர்ட்ரூட் பயணிகளுக்கான இந்தோனேசிய மொழிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணே, தோபா ஏரி வரைக்கும் வெள்ளைக்காரன் போறான், இங்கிலீஷ் ஓடும். அதத் தாண்டி உள்ள போனா வார்த்தையெல்லாம் வேற லா. ஒரு தடவ பாருங்க."

"எழுபத்திரண்டுலயே ரெண்டு நாட்டுக்கும் எழுத்து ஒண்ணாயிடுச்சு, டீச்சர். எழுத்து ஒண்ணுனா மொழி ஒண்ணு."

ஆனாலும் புத்தகத்தைப் படித்தார். ஒரு வாரம் கழித்து, நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் சிவப்புப் பென்சிலால் திருத்தி, அதைத் திருப்பிக் கொடுத்தார்.

பினாங்கிலிருந்து விமானம் ஏறி மேடானில் இறங்கினார்கள். சியாந்தார் போக ஒரு 'கெரெத்தா' வேண்டும் என்று விடுதிக்காரரிடம் லியோனார்ட் சொன்னார். ஈப்போவில் அது கார். கால் மணி நேரத்தில் வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. மேடான்காரர்கள் அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விடுதிக்காரர் விளக்கினார்.

"பாவம், மொழிய கெடுத்து வச்சிருக்காங்க," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு லியோனார்ட் பஸ்ஸைத் தேடிப் போனார்.

மறுநாள் காலை சியாந்தார் நிலையத்தில், தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் காலியாக நின்றது. நடத்துநர் கையை ஆட்டி, "பெர்ச்சுமா, பாக், பெர்ச்சுமா," என்றார். லியோனார்டின் முகம் மலர்ந்தது.

"ஆலிஸ், இன்னிக்கு பஸ் இலவசமாம். ஏறு."

ஏறி உட்கார்ந்தார்கள். ஒன்பது மணி பத்தானது, பத்து பதினொன்றானது. டிரைவர் வரவில்லை. வேறு யாரும் ஏறவுமில்லை.

"என்னங்க, இலவசம்னா கூட்டம் அலமோதணுமே?"

"கௌரவமான ஜனங்க. சும்மா குடுத்தா வாங்கமாட்டாங்க."

நடத்துநர் திரும்பி வந்தார். வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த ஆலிஸைப் பார்த்து இரக்கப்பட்டு, "இபு, புத்தோ அப்பா?" என்று கேட்டார்.

லியோனார்ட் குடையோடு எழுந்தார். ஈப்போ இருக்கும் பேராக்கில் 'புத்தோ' என்ற சொல் ஓர் ஆண்பிள்ளை உறுப்பின் பெயர். தெருச் சண்டையில்கூட யோசித்துத்தான் வாயில் வரும். அதைத் தன் மனைவியைப் பார்த்து ஒருவன் சொல்வதா? தேர்வில் தேறிய மலாயில் அவர் திட்டத் தொடங்கினார். நடத்துநருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் குடை முழுதாகப் புரிந்தது. கூட்டம் கூடிவிட்டது.

ஆலிஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாலாக் பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் நேரே போனாள். "அக்கா, எனக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியாது. அவர் என்ன கேட்டார்?" என்று தன் கடைத்தெரு மலாயில் கேட்டாள். பழக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'அம்மா, உங்களுக்கு என்ன தேவை' என்றுதான் கேட்டாராம். பெர்ச்சுமா என்றால் அங்கே 'வீண்'. மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது, பஸ்ஸில் உட்கார்ந்து பயனில்லை என்பதைத்தான் காலையிலேயே சொல்லியிருக்கிறார்.

"வேறு வழியில் போக முடியுமா?"

"பிசா, பிசா." முடியும் என்று பழக்காரி தலையாட்டினாள்.

"எங்கள் ஊரில் பிசா என்றால் விஷம், அக்கா."

இருவரும் மறுபடி சிரித்தார்கள். ஆலிஸ் பழக்கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். அரை மணி நேரத்தில் இருபது சொற்கள் கிடைத்தன. எழுந்து போய் நடத்துநரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவரே ஒரு முட்டைக்கோஸ் ஜீப்பைப் பிடித்துக் கொடுத்தார். ஆலிஸ் முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டு போனாள். லியோனார்ட் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் குடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் ரோசரி கட்டிலில் இருந்தாள். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன.

"வந்துட்டியாடி... எழும்பி வர பிசா இல்லடி எனக்கு."

அதைத் திருத்த லியோனார்ட் வாயெடுத்தார். ஆலிஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெளியே போய் நின்றார். உள்ளே இருபத்துநான்கு வருடத்து அழுகை வெகுநேரம் கேட்டது. அவரும் கைக்குட்டையை எடுத்தார். முட்டைக்கோஸ் தூசி என்று பிறகு சொன்னார்.

இரண்டாம் நாள் ஆலிஸ் அக்காவை சியாந்தார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். தாதியிடமும் டாக்டரிடமும் அவளே பேசினாள். மூன்று வாரத்தில் ரோசரி கம்பை ஊன்றி நடந்தாள்.

ஈப்போ திரும்பிய லியோனார்ட், கோயில் மண்டபத்தில் 'இந்தோனேசிய மொழி: என் அனுபவம்' என்று ஒரு மணி நேரம் பேசினார். இலவச பஸ் கதையைத் தன் சீன நண்பர் ஒருவருக்கு நடந்ததாகச் சொன்னார். நல்ல கைதட்டல்.

அடுத்த வருடம் ஆலிஸ் தனியாகவே கிளம்பினாள். அவசரத்துக்கு உதவும் என்று அவர் நாற்பது வாக்கியங்களை அழகாக எழுதிக் கொடுத்தார். தாள் கெட்டியாக இருந்தது. அக்காவுக்கு எடுத்துப்போன நெத்திலிக் கருவாட்டை ஆலிஸ் அதில்தான் பொட்டலம் கட்டினாள்.