மண்டபம் கேம்ப் தழும்பு

இன்புளுவன்சா பரவிய வருடம், எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சயரோகத் தடுப்பூசி போட வந்தார்கள். அண்ணன் தன் கைத்தழும்பைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.

“கப்பலேறுறதுக்கு முந்தியே மண்டபம் கேம்ப்புல குத்திட்டாங்க. மறுபடி எதுக்கு?” என்றார். இந்தியாவிலிருந்து வந்த பெரியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பிள்ளைகள் மட்டுமே வரிசையில் நின்றார்கள்.

நாங்கள் குடியிருந்த லயத்தை விட்டுக் காய்ச்சல் போன பிறகும் அண்ணனின் இருமல் போகவில்லை. காய்ச்சலின் மிச்சம் என்றிருந்தோம். துண்டில் இரத்தம் கண்ட பிறகுதான் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் அந்தத் தழும்பைப் பார்த்தார். “இது அம்மைக்குக் குத்தினதும்மா. சயரோகத்துக்கு வேற ஊசி” என்றார்.

அண்ணன் உயிரோடு திரும்பவில்லை.

என் கையிலும் அதே தழும்பு இருக்கிறது. இப்போது ஊசிக்காரர்கள் வந்தால், எதற்கென்று கேட்டுவிட்டு, தழும்பைச் சேலையால் மூடிக்கொண்டு மறு கையை நீட்டுகிறேன்.