நான்கு காலும் தரையில்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் நாங்கள் இருந்த தெருவின் முனையில் காலை ஆறு மணிக்குத் தேங்காய்ச் சட்னி வாசனை அடிக்கும். அம்பத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற பெண்கள் பதினைந்து இருபது பேர் கம்பெனி வண்டிக்காக அங்கே நிற்பார்கள். அவர்களுடைய ஒயர் கூடைகளுக்குள் சரியாக மூடாத டப்பாக்களிலிருந்து அந்த வாசனை கசிந்து டீசல் புகையோடு கலந்துவிடும். பூச்சி என்ற எங்கள் நாய் கெட்டுப்போனது அந்த வாசனையால்தான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா லோடு ஏற்றுகிறவர், அம்மாவும் அதே கம்பெனி வண்டியில் போகிறவள், இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, ஆகவே பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்பின் பாதியில் விட்டேன். அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. வரிசையாக எட்டு அறைகள் கொண்ட "லைன் ஊடு" ஒன்றில் கடைசி அறை எங்களுடையது. அதற்குள் என்னால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை, காலி மனைகள், பாதி கட்டிய வீடுகள் என்று சுற்றுவேன். பின்னாலேயே பூச்சியும் வரும்.

அதனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். கூடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் முன்னங்கால்களைத் தூக்கி அவர் மேல் பாயும். கடிக்காது, ஆனால் சேலை முழுக்கச் சேறாகும். அந்தப் பெண்களில் பலர் பிரஸ் மிஷினில் வேலை செய்கிறவர்கள். வாயில்லா ஜீவன் கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு மிஷினில் கை மாட்டும் என்று அவர்களுக்கு ஒரு பயம். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு விரல் கிடையாது, அதனால் அந்தப் பயத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆகவே பூச்சி பாய்ந்ததும் ஒரு கையால் அதன் தலையில் அடிப்பார்கள், மறு கையால் இட்லியைப் பிட்டுப் போடுவார்கள். பாய்ந்தால் இட்லி வரும் என்று தெருவே கூடி அதற்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அது செல்வி அக்கா மேல் பாய்ந்தது. பக்கத்து அறைக்காரி, ஐந்து மாதக் கர்ப்பம். அடிபம்புச் சேற்றில் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் புருஷன் முருகன் அண்ணன் ஒரு அரிசிக் கோணியைக் கொண்டுவந்து எங்கள் கதவில் மாட்டினார்.

"இன்னா குட்டி, ஞாயித்துக்கெயமெ வரிக்கும் டைமு. அப்பால உன் நாயி இந்தக் கோணில போயி கரையான்சாவடி தாண்டித்தான் எறங்கும், சொல்ட்டேன்."

அன்று சாயங்காலம் அப்பா பூச்சியைப் பெல்ட்டால் அடித்தார். அது வீட்டில் பதுங்கியது. மறுநாள் காலை முனையில் வழக்கம்போலப் பாய்ந்தது. அப்போதுதான் கனகா அக்காவைக் கவனித்தேன். நாய் என்றாலே நடுங்குகிறவள் அவள். பூச்சியைக் கண்டதும் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கரண்டு கம்பத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவாள். அடிக்கவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள். பூச்சி அவள் காலை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும்.

புதன்கிழமை எல்லோரிடமும் கேட்டேன், கனகா அக்கா மாதிரி திரும்பி நிற்கச் சொல்லி.

"நாயி வந்தா முதுவக் காட்டணுமா? என் புருசன் வந்தாலே நான் அப்பிடித்தான்டி நிக்கிறேன்" என்றாள் ஒருத்தி. சிரிப்பு அடங்கியதும் இன்னொருத்தி, "இட்லி போடாம போயி என் கைய்யி மாட்டிக்கினா, உங்கப்பனா வந்து எடுப்பான்?" என்றாள்.

"போட வாணான்னு சொல்லலக்கா. நாலு காலும் கீய இருக்க சொல்லோ போடு. பாய சொல்லோ போடாத."

இட்லி எப்படியும் உண்டு என்றதும் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வியாழக்கிழமை பூச்சி இன்னும் மோசமானது. வராத இட்லிக்காக முதுகில் பாய்ந்தது, குரைத்தது, ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்தது. "இது படிக்குதா, பைத்தியம் புட்ச்சிக்கினு கீதா?" என்று திட்டிக்கொண்டே வண்டி ஏறினார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை வரை பகல் முழுக்க ஒரு காலிக் கூடையோடு தெருவில் போய் வந்தேன். அது பாய்ந்தால் திரும்பிக்கொள்வேன். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடி ஒரு துண்டு பொறை ரொட்டி. தம்பியின் பொறையில் பாதி இப்படிப் போனது. அவன் அழுதான், வேறு வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முருகன் அண்ணன் கோணியை எடுத்து உதறினார். "இருய்யா, பாக்கலாம்" என்று செல்வி அக்காவே கூடையோடு வாசலில் வந்து நின்றாள். பூச்சி ஓடிவந்தது. முன்னங்கால்கள் ஒரு சாண் எழுந்தன. பிறகு இறங்கின. உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவள் இட்லியைப் பிட்டு அதன் வாயிலேயே கொடுத்தாள்.

"தப்பிச்சிக்கினடா மாமே" என்று பூச்சியிடம் சொல்லிவிட்டு, முருகன் அண்ணன் கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பூச்சி யார் மேலும் பாயவே இல்லை. நான்கு மாதம் கழித்து அப்பாவுக்குப் பூந்தமல்லிப் பக்கம் வேலை கிடைத்தது, கரையான்சாவடியில் வீடு பார்த்தார்கள். சாமான் ஏற்ற "குட்டியானை" வண்டி வந்தது.

"அங்க ஊட்டுக்காரம்மா நாயி கூடாதுன்னு சொல்லிட்ச்சி" என்றார் அப்பா. "நானா தூக்கிப் போட மாட்டேன். அதுவா ஏறிக்கிச்சின்னா இட்னு போலாம்."

நான் பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூச்சி கீழே நின்று என்னைப் பார்த்தது. "ஏறு, ஏறு" என்று பலகையைத் தட்டினேன். அந்தச் சொல்லை நான் அதற்குப் பழக்கியதே இல்லை. பொறையை எடுத்து நீட்டினேன். பொறையைக் கண்டதும் நான்கு காலையும் ஒழுங்காகத் தரையில் வைத்து உட்கார்ந்தது. நான் நீட்ட நீட்ட இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது. வண்டி கிளம்பியது, பூச்சி ஓடிவந்தது. வளைவில் வண்டி மெதுவானபோது பக்கத்தில் வந்து, மறுபடியும் உட்கார்ந்தது. பொறையை அதனிடம் போட்டேன். அது குனிந்து தின்றது, வண்டி திரும்பிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பூச்சி அங்கே இல்லை, எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை பார்த்துவிட்டு இப்போது மறுபடி ஆவடிப் பக்கம் வந்திருக்கிறேன். அடுக்குமாடி வீடுகளில் நாய்களை நடைக்கு அழைத்துப் போகிறேன். லைன் வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அடிபம்பு இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் கண்ணாடி மூடிய பேருந்தில் போகிறார்கள், சட்னி வாசனை வெளியே வருவதில்லை. என்னிடம் விடப்படும் எந்த நாய்க்கும் முதலில் நான் பழக்குவது ஏறுவதைத்தான்: படி, சிமெண்டுத் திட்டு, நின்றுகொண்டிருக்கும் ஆட்டோ. சோபாவில் ஏறிப் படுக்கிறது, கொஞ்சம் திருத்துங்கள் என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். குரைப்பதையும் கடிப்பதையும் திருத்திக் கொடுத்துவிடுகிறேன். அதை மட்டும் திருத்துவதில்லை.