கணக்கில் சேராத நாட்கள்

என் அம்மாவின் தம்பி கொழும்புக்குக் கணக்குப் படிக்கப் போய், படிப்பை முடிக்காமல் பதுளைக்குத் திரும்பி வந்தவர். அப்பாவின் புடவைக்கடையில் உட்காரவைத்தால், கெஜக்கோலைக் கையில் பிடித்தபடி எதிரே நிற்பவரை மறந்துவிடுவார். ரயில் எங்கள் ஊரை எட்டாத காலம் அது. வீட்டில் எல்லோரும் அவரைக் கேலி செய்வார்கள். அக்காவுக்கும் எனக்கும் மட்டும் அவர் பெரிய மேதை.

அந்த வருஷம் அக்காவை முறைக்காய்ச்சல் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு நடுங்கும். கொயினா மருந்து கொடுத்த பிறகு காய்ச்சல் வருவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் எங்கள் வீட்டில் நோய் விட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு மருந்தும் கிடையாது, பத்தியமும் கிடையாது. எப்போது ஊற்றுவது என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தாள்.

மாமா அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். நாளுக்கு ஒரு பயறு. சுகமான நாள் வட்டத்துக்குள், காய்ச்சல் நாள் வெளியே; காய்ச்சல் கடுமையாக இருந்தால் அந்த அளவுக்கு இன்னும் தள்ளி. வட்டத்தை எவ்வளவு சுருக்கினாலும், ஒரு கட்டத்துக்குமேல் எல்லாப் பயறும் உள்ளேயே விழுந்தால்தான் அந்த வரிசை நடுப்புள்ளிக்கு, அதாவது முழுச் சுகத்துக்கு, போய்ச் சேர்ந்தது என்பார்கள் கணக்குப் படித்தவர்கள். மாமாவுக்கு அது கருமித்தனமாகப் பட்டது. வெளியே சிதறுவது அடியோடு நிற்க வேண்டாம், போகப்போக அரிதானால் போதும் என்று அவராக ஒரு விதி வகுத்திருந்தார்.

“அப்ப எனக்குச் சொகமாயிருச்சா மாமா?” என்றாள் அக்கா.

“ஆயிருச்சு கண்ணு.”

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “நெசமாத்தான் சொல்றியா தம்பி? தலைக்கு ஊத்தலாமா?”

“ஊத்துங்கக்கா. என்னைக்காவது ஒரு நாள் வர்றதக் கணக்குல சேக்கக் கூடாது.”

அதுவரை அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஆசை யாரை விட்டது, அன்று எல்லோரும் கேட்டோம். வெள்ளிக்கிழமை வேப்பிலை போட்ட வெந்நீரில் அக்கா குளித்தாள். தலை துவட்டும்போது சிரித்துக்கொண்டே இருந்தாள். கொயினாப் புட்டியை அம்மா பரணில் ஏற்றினாள். அடுத்த காய்ச்சல் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. வந்தது ஒரே ஒரு நாள். அன்று பொழுது சாய்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தும் மாமா அக்காவின் பாய் கிடந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வட்டம் போடுவார், பயறு வைப்பார், அழிப்பார். அப்பா கோபப்படக்கூட இல்லை. “விடுங்க மச்சான்” என்று மட்டும் சொன்னார். மாமா தப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அது அகப்பட்டால் அக்காவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பயறுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. வெளியே விழும் பயறு அரிதாக இருக்க வேண்டும் என்றுதான் அது கேட்டது. எவ்வளவு தூரம் போய் விழும் என்று கேட்கவே இல்லை. வட்டம் போட்டு அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.