வியாழக்கிழமைப் படகு

மற்றப் பெண்களுக்குப் புருஷன்மாரால் வரும் தலையிடி குடியால் வரும், இல்லாவிட்டால் சீட்டாட்டத்தால் வரும். எனக்கு அது ஒரு பழைய பைபர் படகால் வந்தது. அந்தப் படகைக் கண்ணால் காணும் முன்பே அதன் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரில் வீட்டோடு தங்கி வேலை செய்தவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் விடுமுறை. நான் பொலிதேயாமா நாடகக் கொட்டகைக்குப் பக்கத்தில் வயதான ஒரு சின்யோராவின் வீட்டில் இருந்தேன். என்னவர் நகரின் மறு தொங்கலில் ஓய்வுபெற்ற ஒரு எஞ்சினியரின் வீட்டில் இருந்தார். கலியாணம் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சின்யோராவின் சமையலறைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு அறை உண்டு. ஆனால் அங்கே ஆண்கள் வரக் கூடாது, கட்டிய புருஷனும் ஆண்தான் என்பது சின்யோராவின் சட்டம். எஞ்சினியர் வீட்டில் அவருக்குக் கிடைத்தது கராஜுக்கு மேலே ஒரு கட்டில். பக்கத்துக் கட்டிலில் தோட்டக்காரன் படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரேத்தோத் தெருவில் அவருடைய ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக்குப் போவோம். இரண்டு அறைக்குள் மூன்று குடும்பம், நடுவில் சேலைத் திரை. பூசை, சாப்பாடு, யாராவது ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்று சனம் நிரம்பி வழியும். ஆக, எங்கள் இருவருக்கென்று மிஞ்சியது வியாழன் பின்னேரம் மட்டும்தான். அதையும் தெருவில்தான் கழித்தோம். வெயில் என்றால் பொலிதேயாமாச் சதுக்கத்து வாங்கில் குந்தியிருப்போம். மழை என்றால் கடைகளுக்குள் புகுந்து, வாங்கப் போகாத சாமான்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். புருஷனும் பெண்சாதியும் கள்ளக் காதலர் மாதிரித் திரிந்தோம். அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வியாழனைத்தான் படகு பறித்தது.

எஞ்சினியருக்கு ஒரு விசர். அறுபதுகளில் செய்த, முன்பக்கம் சின்ன அறை வைத்த பைபர் படகுகளைத் தேடித் திரிவார். இத்தாலிக்காரர் கபினாத்தோ என்பார்கள். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் மொந்தெல்லோக் கடற்கரையில் ஒரு கூட்டாளியின் தகப்பனிடம் அப்படியொன்று நின்றதாம். ஊரெல்லாம் ஏறியதாம், இவரை மட்டும் ஒருநாளும் ஏற்றவில்லையாம். அந்தப் புகைச்சல் முப்பது வருஷமாகியும் அடங்கவில்லை. அவரைப்போல இன்னும் சில பேர் அந்த நகரில் இருந்தார்கள். காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, மதில்களுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். டயர்க் கடையிலும் பெட்ரோல் அடிக்கும் இடத்திலும் விசாரிப்பார்கள். தார்ப்பாய்க்குக் கீழே கொஞ்சம் மூக்குத் தெரிந்தாலே எந்த வருஷத்துப் படகென்று சொல்லிவிடுவார்கள். எஞ்சினியருக்குப் போட்டி ஒரு மருந்துக்கடைக்காரர். சந்தித்தால் இருவரும் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சிக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் கண்டுபிடித்த படகின் இடத்தை மற்றவருக்கு மூச்சுவிடமாட்டார்கள்.

எஞ்சினியர் தேடிய அதே படகு நகருக்கு வெளியே சியாகுல்லியில் அகப்பட்டது. மந்தரின் தோடம்பழத் தோட்டமொன்றில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பலகைகளுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்களாம். உள்ளே கோழிகள் குடியிருந்தன. தோட்டத்துச் சொந்தக்காரரிடம் அதை வாங்கிய எஞ்சினியர், வெளியே எடுத்தால் மருந்துக்கடைக்காரர் மூக்கை நுழைப்பார் என்று பயந்து அங்கேயே வைத்துத் திருத்த முடிவுசெய்தார். மற்ற நாட்களில் வீட்டு வேலை இருக்கிறது. அதனால் என்னவரை வியாழக்கிழமைகளில் உதவிக்குக் கேட்டார்.

"இந்த வியாழன் வரேலாது. எஞ்சினியரோடை தோட்டத்துக்குப் போறன்," என்று அந்த ஞாயிறு ஒரேத்தோவில் கோப்பை கழுவும் இடத்தில் வைத்துச் சொன்னார்.

"எத்தினை வியாழனுக்கு?"

"கொஞ்ச நாளைக்குத்தான். இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்து வைக்கிற மனுசன் கேட்டா மாட்டன் எண்டு சொல்லேலுமே? அடிப்பக்கம் சரியான பழுது. ஆனால் பாரும், அந்த முன் வளைவு இருக்கே, என்ன வடிவு தெரியுமோ."

மறுக்க முடியாமல் போகிறவரின் முகமா அது? கலியாணத்தன்று என்னைப் பார்த்து அவர் வடிவு என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. கையிலிருந்த கோப்பையைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

அதன் பிறகு ஞாயிறுகளில் அவர் கதைத்ததெல்லாம் அதைப் பற்றித்தான். இந்தக் கிழமை இடதுபக்கம் உரைஞ்சு முடிஞ்சுது, பழைய நீல நிறம் வெளியாலை வந்திட்டுது, எஞ்சினியர் அதைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினவர் என்பார். நானும் கிழமை முழுதும் சின்யோராவின் வெள்ளிச் சாமான்களை உரைஞ்சுகொண்டுதான் இருந்தேன், என்னை ஒருவரும் தடவிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை அந்தத் தூள். பைபரைச் சாண்ட் பேப்பரால் உரைஞ்சினால் கண்ணாடித் தூள் பறக்கும். எவ்வளவு குளித்தாலும் அது அவருடைய உடுப்பிலும் மயிரிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. தமையன் வீட்டுப் படிக்கட்டில், ஒருவரும் வராத ஒரு நிமிஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார் என்றால், எனக்கு அடுத்த நாள் முழுதும் கையும் கழுத்தும் அரித்துக் கடிக்கும். சட்டையில் இன்னொருத்தியின் தலைமயிர் இருந்தால் எடுத்து முகத்துக்கு நேரே காட்டிச் சண்டை பிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இதை வைத்துக்கொண்டு நான் என்னவென்று சண்டை பிடிப்பது?

மாசி மாதம் எனக்குப் பொறுமை தீர்ந்தது. "இந்த வியாழன் நானும் வாறன்," என்றேன்.

"அங்கை சேறும் குப்பையும். நீர் வந்து என்ன செய்யப் போறீர்?"

"பாக்கப் போறன்."

பிட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொண்டேன். அரக்கு நிறப் பட்டுச் சேலையை உடுத்தினேன், தோடு போட்டேன், பூசைக்குக்கூடப் பூசாத பவுடரைப் பூசினேன். சியாகுல்லி பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு படகுக்கு முன்னால் போய் நிற்பதற்காக இப்படி வெளிக்கிட்டிருக்கிறாயே என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது, ஆனால் பாதிவழியில் இறங்கவில்லை.

மந்தரின் காய்த்துத் தொங்கிய காலம் அது. அந்த மரங்களுக்கு நடுவே அது நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் ஊத்தை. இதற்காகவா என்று வாய் திறக்கப் போனேன். எஞ்சினியர் அன்றைக்குப் பைபருக்குப் பூசும் ரெசின் வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். அவர் வரப் பொழுதுபடும் என்றார் என்னவர். சாப்பாட்டை வெளியே விரித்தவுடன் மழை பிடித்துக்கொண்டது.

"ஏறும், ஏறும், உள்ளுக்கை போவம்," என்று ஏணியைப் பிடித்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முந்தானை எங்கோ காயாத ரெசினில் பட்டு ஒட்டிக்கொண்டது. இரண்டு படி இறங்கினால் அறை. குனிந்துதான் நிற்கலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படுக்கைப் பலகை, கைகழுவ ஒரு சின்னத் தொட்டி, ஒற்றை அடுப்பு, மழை வழியும் ஒரு கண்ணாடி. கோழி மணம் இன்னும் போகவில்லை. அவர் சாப்பாட்டுப் பெட்டியைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி, தூவானம் அடிக்கிறதென்று கதவைச் சாத்தினார். பிறகு பித்தளைத் தாழ்ப்பாளைப் போட்டார்.

அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தோடு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் மட்டும் உள்ளே வைத்து ஒரு கதவு பூட்டியது அன்றைக்குத்தான். யாரும் இருமவில்லை. யாரும் திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பால் கரைக்கவில்லை. பிட்டு ஆறிப் போனது. எஞ்சினியரின் கார்ச் சத்தம் கேட்டபோது மழை விட்டு நிறைய நேரம் ஆகியிருந்தது.

பிறகு ஒவ்வொரு வியாழனும் போனேன். எஞ்சினியருக்கு என் சமையல் பிடித்துவிட்டது, சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவார். ரெசின் பட்ட பட்டுச் சேலை இனி உடுக்க உதவாது என்று அதை வெட்டி அந்தக் கண்ணாடிக்கும் வாசலுக்கும் திரை தைத்தேன். தேயிலைப் பேணி வைத்தேன், தண்ணீர் கொதிக்க ஒரு சின்னக் கேத்தில் வைத்தேன். பொறாமை போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். அது ஆள் மாறியது, அவ்வளவுதான். எங்கள் அறைக்குள் எங்களுக்கு முன்பே குடியிருந்த கோழிகள் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. ஞாயிறுகளில் எஞ்சினியர் தனியே வந்து அந்தப் பலகையில் படுத்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு விறுவிறென்று ஏறியது.

"கெதியா முடிச்சுப்போடாதேங்கோ," என்றேன் ஒருநாள். "ஆறுதலாச் செய்யுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு ஏற்கெனவே உரைஞ்சின இடத்தையே திரும்ப உரைஞ்சினார். இவனைப்போல நுணுக்கமான வேலைக்காரனைக் கண்டதில்லை என்று எஞ்சினியர் புகழ்ந்து தள்ளினார். ஆனாலும் எவ்வளவுதான் உரைஞ்சலாம்? ஆனி மாதம் படகு முடிந்துவிட்டது.

கடலில் இறக்கிய அன்று பலகாரம் பரிமாற என்னையும் கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். முன் வளைவைத் தடவியபடி நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கூட்டத்தில் என் மனதுக்கு நெருக்கமாக இருந்த ஒரே மனுஷன் அவர்தான். எஞ்சினியரின் மனைவி அதுவரை தோட்டப் பக்கம் தலை காட்டியவர் அல்ல. இப்போது விருந்தாளிகளை ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். திரையைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இந்தியப் பட்டு என்றார் அவர். யார் தைத்ததென்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு குளிக்கும் உடுப்பு மாற்ற வேண்டுமென்று தனியே உள்ளே இறங்கினார். கதவு சாத்துப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. நான் பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அது என் வீட்டுக் கதவு என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதை விட்டால் எங்களுக்கு மறுபடியும் சதுக்கத்து வாங்குதான்.

படகு வெளிக்கிட்டுப் போன பிறகு நாங்கள் இருவரும் துறைமுகத்தில் கிளாசுகளை அடுக்கினோம். என் கண் கலங்கியிருந்ததை அவர் கண்டிருப்பார்.

"எஞ்சினியர் இன்னொண்டு கண்டுபிடிச்சிருக்கிறார். மலைப்பக்கம் ஒரு கராஜுக்குப் பின்னாலை கிடக்காம். மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது. வியாழக்கிழமையளிலை வருவியோ எண்டு என்னைக் கேட்டவர்." நான் ஏசப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கிளாசைப் பார்த்தபடியே சொன்னார்.

"அதிலை அறை இருக்கோ?" என்றேன்.

"ஓம், இருக்காம். ஆனால் சரியான பழுதாம். அடி ஓட்டை, கதவும் இல்லையாம்."

"அப்ப முதல் கதவைப் போடுங்கோ," என்றேன். "மிச்சத்தை ஆறுதலாப் பாப்பம்."