கதவில் இரண்டு தட்டு

காலை ஆறு ஐம்பத்திரண்டு. முதலில் தெரிந்தது ஒரு கை. எர்ணாவூரில் எங்கள் தெரு முனையில் நின்றிருந்த கண்டெய்னர் டிரெய்லரின் ஓட்டுநர் ஜன்னலிலிருந்து அது வெளியே நீண்டிருந்தது.

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் சாலையின் இடது பாதையை அடைத்து வரிசையில் நிற்கும். தெரு முனைகளில் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு வலப்பக்கம் தெரியாது, டிரெய்லர் மறைத்துவிடும். அடுத்த பாதையில் வண்டிகள் வேகமாக வரும். உயரத்தில் இருக்கும் டிரெய்லர் ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, உள்ளங்கையால் கதவை இரண்டு முறை தட்டினால் போகலாம். எங்கள் பக்கம் எல்லோரும் அந்தச் சத்தத்தை நம்பித்தான் சாலையில் ஏறுவோம்.

காரை ஓட்டியவள் என் தங்கை. பேக்கிங் வேலையை விட்டு ஆறு வருடமாகச் சொந்த வண்டியில் கம்பெனிப் பெண்களை அழைத்துப்போய் வருகிறாள். அதுதான் அவள் பிழைப்பு. பழைய டீசல் கார் உழைத்து ஓய்ந்துவிட்டது. பெட்ரோல் கார் வாங்கி அன்று நான்காவது நாள்.

தேர்ந்தெடுத்தது நான். பத்திரிகை அலுவலகத்தில் எண்களை ஒப்பிடுவது என் அன்றாட வேலை. பழையது எழுபத்து நான்கு குதிரைத்திறன், புதியது எண்பத்தொன்பது. வாங்குவதற்கு முன் அவள் கேட்டது ஒரே கேள்வி.

“நம்ம முனைல சட்டுனு எகிறுமாண்ணா?”

பழையதைவிட வேகமாகக் கிளம்பும் என்றேன்.

முதல் மூன்று நாள் பெண்களை ஏற்றாமல் ஓட்டிப் பழகினாள். இரண்டு முறை கிளம்பும்போதே இன்ஜின் அணைந்தது. “இன்னாண்ணா, உன் குதிரை எல்லாம் தூங்கிகினு கீது” என்று சிரித்தாள். புது வண்டி, பழகிவிடும் என்று நானும் சொன்னேன்.

அன்று பின்சீட்டில் மூன்று பெண்கள், முன்னால் நான், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவில் இரண்டு தட்டு கேட்டது. தங்கை எப்போதும் போல் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டாள். கார் இரண்டு முறை குலுங்கி, இன்ஜின் அணைந்து, முன்பாதி அடுத்த பாதையில் நீண்டிருக்க நின்றது. சாவியைத் திருப்பினாள். வலப்பக்கத்திலிருந்து வந்த காலி டிரெய்லர் பிரேக் போட்டும் நிற்கவில்லை. அவள் பக்கத்துக் கதவு உள்ளே மடங்கியது.

எனக்கும் பின்னால் இருந்தவர்களுக்கும் காயமில்லை. தங்கையின் வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

கதவைத் தட்டியவர் இறங்கி ஓடி வந்தார். வாரத்தில் சில நாள் அதே இடத்தில் நிற்கிறவர், எங்கள் பழைய காரை நன்றாகத் தெரிந்தவர். புதியதும் வெள்ளை நிறம்தான்.

“வண்டிய மாத்திகினியா அக்கா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பழைய வண்டி கணக்குலதான் தட்டுனேன்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

பிறகு திருவொற்றியூர் மெக்கானிக்கிடம் கேட்டேன். எண்பத்தொன்பது என்பது இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றும்போது கிடைப்பது. நிற்கிற வண்டி கிளம்பும்போது சுற்று ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்போது சக்கரத்தை உருட்டுவது சுழற்றும் விசை, அதாவது டார்க். எங்கள் டீசலில் அது இரண்டாயிரம் சுற்றிலேயே முழுதாகக் கிடைத்தது. இதில் நாலாயிரத்தைத் தாண்ட வேண்டும், அப்போதும் அதைவிடக் குறைவு.

“அதுல கிளட்ச்ச வுட்டாலே நவரும் சார். இதுல முதல்ல ஆக்சிலேட்டர மிதிச்சு இன்ஜின கத்த வுடணும். தங்கச்சிக்கு வண்டிதான் புச்சு, காலு இன்னும் பழசுலயே கீது” என்றார்.

அவர் கேட்டதால் காரோடு தந்த விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தேன். எண்பத்தொன்பதைச் சுற்றி நான் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். அதற்கு நேர் கீழ் வரியில், அதே அளவு எழுத்தில், டார்க் அச்சாகியிருந்தது.

ஏழு மாதம் ஆகிறது. தங்கை கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். காரைச் சரிசெய்து வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறோம். அவள் பழைய பேக்கிங் வேலைக்கே பஸ்ஸில் போய் வருகிறாள்.