உருளைக்கு மாலை போட்ட கம்பெனி

இயந்திரத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வருகிறது. சாமி மேல் கோபமில்லை. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயில்வரை நடந்து போகிறவன்தான் நான். எனக்கு ஆகாதது ஆயுத பூஜை, அதுவும் கம்பெனி செலவில் நடக்கிற ஆயுத பூஜை.

ஐம்பதுகளின் கடைசியில் காலாங் ஆற்றோரம் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியின் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தேன். தோட்டங்களிலிருந்து வரும் கழிவு ரப்பரைக் கழுவி, உருளையில் விட்டுத் தகடாக்கும் வேலை. அழுகிய ரப்பரின் நாற்றம் சோப்புக்கெல்லாம் போகாது. ஜாலான் புசாரில் பஸ் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றுகொள்வார். அந்த நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டோம்.

உருளை இயந்திரத்தில் இரண்டு பெரிய இரும்பு உருளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சுற்றும். மேலிருந்து தண்ணீர் கொட்டும். ரப்பர் கட்டியை நடுவில் தள்ளினால் கவ்வி இழுத்துக்கொள்ளும். அதன் முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு உண்டு. கீழே உள்ள இடைவெளியில் ரப்பர் போகும், கை போகாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு மட்டும் அந்தக் கதவைக் கழற்றுவோம். உருளையைத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட வேண்டுமே. மறுநாள் வேலை தொடங்குவதற்குமுன் திரும்ப மாட்டிவிடுவோம்.

ஒரு வருஷம் மாட்டவில்லை. கதவில்லாமல் ஓட்டினால் ரப்பர் வேகமாகப் போகிறது என்று எங்கள் மண்டோர் கண்டுபிடித்துவிட்டார். மண்டோர் என்றால் எங்களை மேய்க்கிற மேஸ்திரி. நம் ஆள்தான், நெற்றி நிறையத் திருநீறு. நாங்களே கதவைத் தூக்கிக்கொண்டு போனபோது வழி மறித்தார்.

"டேய், மேலிடத்துல கேட்காம அதுல கை வைக்காதீங்க. வேலை வேகமா ஓடுறது துரைக்குப் பிடிச்சிருக்குலா."

கதவு சுவரில் சாய்ந்து கிடந்தது. மண்டோர் அதில் தன் குடையை மாட்டிக்கொண்டார்.

தீபாவளி கழிந்த சில நாட்களில், எனக்கு அடுத்த இயந்திரத்தில் நின்ற அண்ணனின் வலது கையை உருளை இழுத்தது. சொந்த அண்ணன் இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரே அறையில் தங்கியிருந்தோம், அறைக்கே அவர்தான் சமையல். வெங்காயத்தை நூல் நூலாக அரிவார். இயந்திரத்தை நிறுத்திக் கையை எடுத்தபோது கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அவரை ஏற்றிய வண்டி வாசலைத் தாண்டுவதற்குள், உருளையில் நின்ற ரப்பரைக் கழுவி மறுபடியும் உள்ளே விடச் சொன்னார்கள். விட்டார்கள்.

யூனியன்காரர்கள் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: கதவை மாட்டுங்கள். துரை சிரித்தாராம். கதவைக் கழற்றியது கம்பெனியா, உங்கள் சாமிக்காக நீங்கள் கழற்றியதுதானே என்றாராம். மண்டோர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்.

"போன பூஜைக்கு வாசல்ல மட்டும்தான் பூசணிக்காய் உடைச்சோம். மிஷின் முன்னாடி உடைக்கல. அதான் காவு வாங்கிடுச்சு," என்று ஒவ்வொருவர் காதிலும் ஓதினார்.

பாதிப் பேர் தலையாட்டினார்கள். துரைமேல் வந்த அருவருப்பைவிட அந்தத் தலைகள்மேல் எனக்கு வந்த அருவருப்பு அதிகம். அடுத்த ஆயுத பூஜையைக் கம்பெனியே பெரிதாக நடத்தும் என்று அறிவிப்பு வந்தது. ஐயர் வருவார், இலை போட்டுச் சாப்பாடு, ஆளுக்கொரு வேட்டி. கதவு கேட்டவர்களுக்கு வேட்டி கொடுத்தார்கள், அவர்களும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினார்கள்.

கை ஆறி வந்த அண்ணனை ஆலை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். துரையின் கார் வந்தால் வாசல் கேட்டைத் திறந்து இடது கையால் சலாம் போட வேண்டும். அது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சாப்பாடுதான் அவரைக் கொன்றது. இடது கையால் உண்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று, அறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பேச்சுக் கொடுத்தாலும் திரும்ப மாட்டார்.

பூஜை நெருங்கியபோது மண்டோர் ஒரு செய்தியோடு வந்தார். இயந்திரத்துக்கு முன்னால் பூசணிக்காயை உடைக்கப்போவது அண்ணன்தானாம். அடிபட்டவரைக் கம்பெனி கைவிடவில்லை என்று நாலு பேர் பார்க்க வேண்டுமாம், துரை போட்டோ பிடிக்கச் சொல்லியிருக்கிறாராம். அண்ணன் சரி என்றுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெட்கமா இல்லையாண்ணே? கையத் தின்ன மிஷினுக்கு நீங்களே திருஷ்டி கழிக்கப் போறீங்களா?"

"நான் உடைக்கிறேன்லா. நீ பேசாம இரு, தம்பி."

பூஜையன்று ஆலை முழுக்கச் சாம்பிராணிப் புகை. அதற்கடியில் ரப்பர் நாற்றம் அப்படியே இருந்தது. துரை வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் வந்து இயந்திரத்துக்கு எதிரே நின்றார். இயந்திரத்துக்கு ஒரு மாலை, துரைக்கு ஒரு மாலை. தீபாராதனை முடிந்ததும் வழக்கப்படி உருளையைக் கொஞ்ச நேரம் ஓட விட்டார்கள். மேலே ஓட்டை போட்டுக் குங்குமத் தண்ணீர் நிரப்பிய பூசணிக்காயைத் தூக்கி மண்டோர் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை இடது கையில் தாங்கி, கட்டைவிரல் மட்டும் உள்ள வலது கையால் அணைத்துக்கொண்டு முன்னால் போனார்.

தரையில் போடவில்லை. சுற்றுகிற உருளைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

படாரென்று ஒரு சத்தம். செக்கச்செவேலென்று தெறித்தது. துரையின் முகம், சட்டை, மாலை எல்லாம் சிவப்பு. மண்டோர் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்:

"அன்னைக்கும் இப்படித்தான் தெறிச்சுச்சு, துரை. நீங்க அப்ப இங்க இல்ல."

துரை சட்டையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே காருக்குப் போனார். அண்ணனுக்கு அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவருக்காக வேலையை நிறுத்தலாம் என்று யூனியனில் பேச்சு வந்தது, புது வேட்டி கட்டியவர்களில் நாலைந்து பேரைத் தவிர யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது இயந்திரத்தில் கம்பிவலைக் கதவு இருந்தது, புதுத் திருகாணிகளோடு. நான்கு விரல் போனதற்கு வராத கதவு, ஒரு சட்டையில் கறை பட்டதற்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட எனக்கு மனம் வரவில்லை. மண்டோரின் குடை இப்போது சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் அறைக்குத் திரும்பினேன். அண்ணன் இடது கையால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். துண்டுகள் தடித் தடியாக விழுந்தன.

"மாட்டிட்டானுங்களா?"

"மாட்டிட்டாங்கண்ணே."

"நல்லா முடுக்கியிருக்கா?"

"இருக்கு."

குழம்பை இறக்கி வைத்து எல்லாருக்கும் சோறு போட்டார். தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, சுவர்ப் பக்கம் போகாமல் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். இடது கையால் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார்.